கௌரவ வெள்ளையர்

கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வாரிசுகள் வாழும் சின்னத் தீவு ஆன்டிகுவா. அங்கே 1952இல் பிறந்த விவ் ரிச்சர்ட்ஸ், மேற்கிந்தியத் தீவுகள் அணிக்காக 121 டெஸ்டுகளில் 8540 ரன் எடுத்தார். 50 டெஸ்டுகளுக்குத் தலைமை தாங்கினார். ஒரு தொடரையும் தோற்கவில்லை. ஆனால் நாம் பேச வேண்டியது அவர் ஆட மறுத்த ஆட்டத்தைப் பற்றி.

1983இல் நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்கு லாரன்ஸ் ரோ தலைமையில் மேற்கிந்தியக் கறுப்பு வீரர்கள் சிலர் ஆடப் போனார்கள். பெரும் பணம், கூடவே 'கௌரவ வெள்ளையர்' என்ற தகுதி. ரிச்சர்ட்ஸையும் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. போனவர்களுக்கு ஆயுள் தடை விழுந்தது. 1989இல்தான் அது நீங்கியது.

"அவருக்கென்ன, பேரும் காசும் இருந்துச்சு. அணியில இடம் கிடைக்காதவன் என்ன செய்வான்?" நியாயமான கேள்விதான். இல்லாதவன் காசுக்குப் போனதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆனா அந்தத் தகுதிக்கு என்ன அர்த்தம்? உன்னை மட்டும் மனுசனா ஏத்துக்கிறோம், உன் சனத்தை இல்லை என்பதுதானே! அதுகூட முழுசாக் கிடைக்கலை. அணியில் இருந்த காலின் கிராஃப்டை வெள்ளையர் ரயில் பெட்டியிலிருந்து வெளியேற்றினார்கள்.

விதியை அப்படியே வைத்துக்கொண்டு நாலு பேருக்கு விலக்குத் தந்தால், விதிக்குத்தான் நல்ல பேர். அந்த நல்ல பேரை வாங்கித்தர ரிச்சர்ட்ஸ் மறுத்தார்.