சிப்புக்கு முன்னால் ஓடும் ஸ்கிரிப்ட்கள்

சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ செயலிக் குடும்பத்தின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். அதன் சி-கிளாஸ் செயலி எழுதப்பட்டிருப்பது புளூஸ்பெக் மொழியில். ஆனால் முதலில் ஓடுவது ஒரு பைத்தான் நிரல். கேச் எவ்வளவு, பெருக்கல் அலகு எப்படி என்று யாமல் கோப்பில் குறித்துவைத்ததை அது படித்து, ‘மேக்’ கருவிக்கு வேண்டியதை எழுதித் தருகிறது. மேக், புளூஸ்பெக் கம்பைலரை அழைத்து, சர்க்யூட்டை விவரிக்கும் வெரிலாக் கோப்புகளை உண்டாக்குகிறது.

ஒரே மொழியில் இதை முடிக்கக் கூடாதா? காரணம் வரலாற்றில் இருக்கிறது. பெர்க்லியில் சிப் வடிவமைப்புக் கருவிகளைச் செய்துகொண்டிருந்த ஜான் ஆஸ்டர்ஹவுட், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கட்டளைமொழி எழுதுவது வீண் என்று கண்டு, எந்தக் கருவிக்குள்ளும் பொருத்தக்கூடிய ‘டிக்கிள்’ மொழியை 1988-இல் உருவாக்கினார். சிந்தசிஸ், பிளேஸ்மென்ட், டைமிங் கருவிகள் இன்றும் பெரும்பாலும் டிக்கிளில்தான் கட்டளை கேட்கின்றன. கருவிகள் கக்கும் அறிக்கைகளை அலச முன்பு பெர்ல் இருந்தது. இப்போது அந்த இடம் பெரும்பாலும் பைத்தானுக்கு. எந்தக் கோப்பு மாறியது, எதை மறுபடி ஓட்ட வேண்டும் என்று பார்ப்பது 1976-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த மேக்கின் வேலை.

ஆக, கருவிக்கு உள்ளே டிக்கிள், வெளியே பைத்தான், வரிசைக்கு மேக். இந்த எல்லைகளை மீறாதவரை வேலை சீராக ஓடும். சிக்கல் வருவது இவை ஒன்றோடொன்று கைமாற்றும் இடத்தில்.

ஓர் உதாரணம். கருவியின் வெளியீட்டைத் திரையிலும் பார்க்கவேண்டும், கோப்பிலும் சேமிக்கவேண்டும் என்று பலரும் அதை ‘டீ’ கட்டளைக்குள் செலுத்துவார்கள். கருவி தோற்று 1 என்ற எண்ணைத் திருப்பினாலும், கடைசியில் நிற்கும் டீ தன் வேலை முடிந்ததென்று 0 திருப்பும். ஷெல் அதையே மேக்கிடம் சொல்லும். மேக்கும் வெற்றி என்று நம்பி அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ என்ற ஒரே அமைப்பு இதைத் தடுக்கும். மேக் வழக்கமாக அழைப்பது எஸ்எச் என்பதால், பாஷ் வேண்டும் என்பதையும் மேக்கோப்பில் எழுத வேண்டும்.

அதைவிட நுணுக்கமானது இன்னொன்று. 100 மெகாஹெர்ட்ஸில் ஓடவேண்டிய சர்க்யூட்டில் ஒவ்வொரு சுழற்சிக்கும் 10 நானோநொடி. கெடுவுக்கு மிஞ்சும் நேரமான ‘ஸ்லாக்’ −0.12 என்று அறிக்கை சொன்னால், சிக்னல் 0.12 நானோநொடி தாமதமாக வருகிறது. சிப் அந்த வேகத்தில் ஓடும் என்று நம்ப முடியாது. ஆனால் கருவியைப் பொறுத்தவரை அறிக்கையைச் சரியாக எழுதியாயிற்று, ஆகவே 0. அந்த எதிர்க்குறியைப் படித்து ஓட்டத்தை நிறுத்தும் பொறுப்பு பைத்தானுடையது. மற்ற எந்த ஸ்கிரிப்டைவிடவும் இதைச் செய்யும் பத்து வரி நிரலைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

செயலி சரியாகக் கணக்கிடுகிறதா என்ற சரிபார்ப்பிலும் முன்னால் ஓடுவது ஒரு ஸ்கிரிப்ட்தான். சக்தி குழுவின் ‘ஏஏபிஜி’ என்ற பைத்தான் நிரல் தற்போக்கான (ரேண்டம்) அசெம்பிளி நிரல்களை உண்டாக்கும்; அவற்றைச் செயலியிலும் அதே கட்டளைகளை மென்பொருளில் ஓட்டிக் காட்டும் ‘ஸ்பைக்’ மாதிரியிலும் ஓட்டி விடைகளை ஒப்பிடலாம்.

இதையெல்லாம் கற்க இன்று பெரிய நிறுவனத்தின் உரிமம் தேவையில்லை. கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் வடிவமைப்பு விவரங்களை 2020-இல் திறந்துவிட்டன. யோசிஸ், ஓப்பன்ரோட் இரண்டும் இலவசம். சேவுகம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து வத்தலகுண்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் மின்னணுவியல் மாணவர்களே, லினக்ஸ் போட்ட ஒரு கணினி கிடைத்தால் போதும். ஒரு சிறு கவுன்ட்டரை வெரிலாக்கில் எழுதி, கடைசி லேஅவுட் வரை ஒரே ‘மேக்’ கட்டளையில் ஓடவையுங்கள். பிறகு கடிகார வேகத்தை வேண்டுமென்றே கூட்டி, உங்கள் ஸ்கிரிப்ட் நிற்கிறதா என்று பாருங்கள்.