எண்ணெயில் கடைந்த அச்சம்

முயலின் உடலுக்கு முன்பின் தெரியாத ஒரு புரதத்தை ஊசி வழியே ஏற்றினால் என்ன ஆகும்? அந்நியப் பொருள் என்று கண்டு உடல் சண்டைக்குக் கிளம்பும், இரத்தத்தில் எதிர்ப்பொருள் பெருகும் என்றுதான் பள்ளிப் பாடம் படித்த எவரும் சொல்வார். ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. புரதம் தூய்மையாக இருக்க இருக்க, உடல் அதைச் சட்டை செய்வதில்லை.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் பிரான்சின் கஸ்தோன் ரமோன். 1920களில் குதிரைகளைக் கொண்டு டிப்தீரியாவுக்குச் சீரம் தயாரித்துக்கொண்டிருந்தார். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வைத்த குதிரைகளே வீரியமான சீரம் தந்தன. உடனே வேண்டுமென்றே புண்ணாக்கிப் பார்த்தார்: மரவள்ளி மாவு, ரொட்டித்தூள்கூடக் கலந்தார். பலித்தது. (ஜவ்வரிசியின் மூலப்பொருளுக்கு இப்படியும் ஒரு வரலாறு!)

பின்னால் நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஜூல்ஸ் ஃபிராய்ண்ட் வந்தார். கொன்ற காசநோய்க் கிருமிகளைப் பாரஃபின் எண்ணெயில் போட்டு, புரதக் கரைசலோடு கெட்டியாகக் கடைந்தார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் பரவாமல் உருண்டு நிற்க வேண்டும், அதுதான் பதம். எண்ணெய் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். கிருமியின் மிச்சங்கள் உடலை உசுப்பும்.

நேர்மாறான சோதனையும் உண்டு. 1960களின் தொடக்கத்தில், திரள்களை நீக்கித் தெளிவாக்கிய புரதத்தை எலிகளுக்கு முதலில் ஏற்றினார்கள். பிறகு அதே புரதத்தை உசுப்பும் கலவையோடு கொடுத்தும் உடல் எதிர்க்கவில்லை. பழகிவிட்டது.

ஆக, அந்நியமாயிருப்பது மட்டும் பகைக்குப் போதவில்லை. கூடவே ஆபத்தின் வாடை வர வேண்டும். அந்த வாடையோடு வந்ததை, அது எந்தத் தீங்கும் செய்யாததானாலும், உடல் லேசில் மறப்பதில்லை. கலவையில் சேர்த்தது முட்டை வெள்ளைக்கருவின் புரதம் என்றால், அதற்கும் காசநோய்க்கும் என்ன உறவு? ஒரே ஊசியில் வந்தன, அவ்வளவே. சேர்த்துக் கடைந்தது நம் கை.

ஃபிராய்ண்ட் முறையில் சில வாரங்கள் கழித்துப் போடும் இரண்டாம் ஊசிக்குக் கிருமி தேவையில்லை. எண்ணெயும் புரதமும் போதும், உடல் பாய்ந்து எழும். கிருமிக் கலவையையே மறுபடி போட்டால் முயலின் தோல் அழுகிப் புண்ணாகலாம். அதனால் விலங்கு நலக் குழுக்கள் பொதுவாக ஒரு முறைக்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்த ஒரு முறைக்கும் காரணம் எழுதித் தரச் சொல்கின்றன. கேட்க வேண்டிய கேள்விதான். எதிர்ப்பொருள் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்று, மென்மையான கலவைகளுக்கு மாறிய கூடங்களும் உண்டு.