பதின்மூன்றில் ஒரு குழந்தை

குழந்தையின் கன்னத்தில் சில மாதங்களுக்குள் இளஞ்சிவப்பாக ஒரு சிறு முண்டு எழும்புகிறது. பார்ப்பதற்கு மரு போலத்தான் இருக்கும். வெட்டியெடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினால், நுண்ணோக்கியில் தெரியும் செல்கள் மனதைக் கலங்கடிக்கும். பெருத்த உட்கரு, அதனுள் பளிச்சென்று தெரியும் நியூக்ளியோலஸ், இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கும் செல்கள் என எல்லாமே தோல் புற்றுநோய்களில் கொடிதான மெலனோமாவின் சாயலில் இருக்கும்.

ஒரு காலத்தில் மருத்துவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் மெலனோமா என்று எழுதப்பட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சாகவில்லை, நலமாக வளர்ந்தார்கள். இந்த முரணைக் கையிலெடுத்தவர் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் நோயியல் நிபுணர் சோஃபி ஸ்பிட்ஸ். 1948இல் அவர் 13 குழந்தைகளின் கட்டிகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். புற்றுநோய் பரவி இறந்தது ஒரே ஒரு குழந்தைதான். இது பெரியவர்களுக்கு வரும் மெலனோமாவின் போக்கு அல்ல என்று அவர் கண்டார். ஆனாலும் ‘இளம்பருவ மெலனோமா’ என்றே பெயரிட்டார். இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை புற்றே அல்ல, ஒருவகை மச்சம் என்பது அடுத்தடுத்த ஆண்டுகளில் உறுதிப்பட்டது. இன்று அதற்கு ஸ்பிட்ஸ் மச்சம் என்று பெயர். அவரோ 1956இல், நாற்பதுகளின் நடுவிலேயே, குடல் புற்றுநோயால் இறந்துபோனார்.

மற்ற பன்னிரண்டு பேரிடமிருந்து அந்த ஒரு குழந்தையை முன்கூட்டியே எப்படிப் பிரித்தறிவது? அந்தக் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

தனிச்செல்லின் முகத்தைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்பதுதான் இதில் முதல் பாடம். அனுபவமுள்ள நோயியல் நிபுணர் ஸ்லைடை மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில்தான் முதலில் பார்ப்பார். ஸ்பிட்ஸ் மச்சம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்திருக்கும். ஓரம் சட்டென்று முடியும். மெலனோமா ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சிதறி, எங்கே முடிகிறதென்றே தெரியாமல் ஓடும்.

பிறகு மேலிருந்து கீழே இறங்க வேண்டும். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. மச்சத்தின் நிறமிச் செல்கள் மேல்தோலை ஒட்டிப் பெரிதாகவும் கூட்டம் கூட்டமாகவும் இருக்கும். ஆழம் போகப் போகச் சிறுத்து, தனித்தனியாகப் பிரிந்து, கொலாஜன் இழைகளுக்கு இடையே அடங்கிவிடும். இதைத்தான் முதிர்ச்சி என்கிறார்கள். மெலனோமாவின் செல்லுக்கு இந்த அடக்கம் வராது. மேலே இருந்த அதே பருமனோடு அடியாழத்திலும் நிற்கும். பிளவுறும் செல்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். மேற்பகுதியில் ஒன்றிரண்டு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அடிப்பகுதியில் பல இருந்தால் கவலைப்பட வேண்டும்.

இன்னும் சில தடயங்கள் உண்டு. மேல்தோல் தடித்திருக்கும், செல்கூட்டங்களைச் சுற்றி மெல்லிய இடைவெளி தெரியும், கமினோ உருண்டைகள் எனப்படும் வெளிர்சிவப்புத் துணுக்குகளும் காணப்படலாம். இவை மச்சத்தின் பக்கம் சாய்க்கும், அவ்வளவே. எந்த ஒன்றும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

எல்லா அடையாளங்களும் ஒரே திசையில் காட்டாத கட்டிகள்தான் பெரும் சிக்கல். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய ஸ்லைடுகளை அத்துறையின் முன்னணி நிபுணர்களிடமே கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடையே தெளிவான ஒருமித்த கருத்து எழவில்லை. கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மச்சத்துக்கும் மெலனோமாவுக்கும் நடுவில் உண்மையாகவே ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கே விழும் கட்டிகளை ‘இயல்பு மாறிய ஸ்பிட்ஸ் கட்டி’ என்கிறார்கள்.

மரபணுச் சோதனை இப்போது கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. சில ஸ்பிட்ஸ் மச்சங்களில் ஹெச்ராஸ் மரபணு மாறியிருக்கிறது. வேறு பலவற்றில் ஏஎல்கே, ராஸ்1, என்டிஆர்கே1 போன்ற மரபணுக்கள் அறுந்து வேறொன்றோடு ஒட்டியிருக்கின்றன. பெரியவர்களின் மெலனோமாவில் அடிக்கடி காணும் பிராஃப் வி600இ மாற்றம் இவற்றில் பொதுவாக இருப்பதில்லை. பி16 புரதத்தைத் தரும் மரபணுவின் இரு பிரதிகளும் அழிந்திருந்தால் ஆபத்து கூடுகிறது.

நிணநீர் முடிச்சும்கூட இங்கே ஏமாற்றும். இயல்பு மாறிய ஸ்பிட்ஸ் கட்டிகளின் செல்கள் பக்கத்து நிணநீர் முடிச்சுவரை போயிருந்தும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே இருக்கிறார்கள். வேறு புற்றுநோயில் பரவலுக்குச் சான்றாகும் இந்தக் கண்டுபிடிப்பு இங்கே அவ்வளவு எடை பெறுவதில்லை. ஆகவே அந்த முடிச்சை எடுத்துச் சோதிக்கப் பலர் இப்போது தயங்குகிறார்கள்.

கட்டியின் முழு அமைப்பையும் பார்த்தே முடிவு சொல்ல வேண்டியிருப்பதால் அறுவை செய்பவருக்கும் ஒரு பொறுப்பு வருகிறது. தழும்பு சிறிதாக இருக்கட்டும் என்று மேலாகச் சீவியெடுத்த துண்டில் ஓரமும் இருக்காது, அடியும் இருக்காது. ஒத்த அமைப்பையும் முதிர்ச்சியையும் அதில் தேட முடியாது. மிஞ்சுவது பயமுறுத்தும் செல்கள் மட்டுமே. முடிந்தவரை கட்டியை முழுதாக எடுத்து, குழந்தையின் வயது, இடம், எத்தனை மாதமாக வளர்ந்தது என்பதையும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். படிப்பவர் ஐயப்பட்டால், அந்த ஐயத்தை அறிக்கையில் வெளிப்படையாக எழுதி, இன்னொருவர் பார்வைக்கும் ஸ்லைடை அனுப்ப வேண்டும்.