பாட்டன் எழுதிய ஓலை

விழுப்புரத்தை அடுத்த திருவெண்ணெய்நல்லூரில் நடந்த ஒரு வழக்கைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த கிழவர், அவருடைய பாட்டன் தன்னையும் தன் வழிவருவோரையும் தமக்கு அடிமையாக எழுதித் தந்ததாக ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைக் கிழித்துப் போடுகிறார். ஊர்ச் சபையில் மூல ஓலை வெளிவருகிறது. பாட்டன் கைப்பட எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டால் எழுத்து ஒத்துப்போகிறது. முன்னோர் எழுத்து பேரனைக் கட்டுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் படையாச்சி என்ற பெயரைச் சுமந்து, தங்கள் பூர்வீகத்தைத் தேடுபவர்களுக்கும் இதே கேள்விதான். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் அங்கே கரை சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பலர் தென்னார்க்காட்டார். திண்டிவனமும் விழுப்புரமும் அன்று தென்னார்க்காடு ஜில்லாவின் தாலுகாக்கள். கப்பல் பட்டியலில் ஓர் ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. இதில் குடும்பப் பெயருக்குக் கட்டமே கிடையாது. படையாச்சி என்பது ஒன்றுக்கொன்று உறவில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பொதுவான பட்டம். கடல் கடந்த பிறகே அது குடும்பப் பெயராக இறுகியது. அதைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஒரு சாதியைத்தான் கண்டடையலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை தகப்பன் பெயரும் கிராமமும்தான்.

குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வெண்ணெய்நல்லூரிலும் ஓலையோடு காரியம் முடிந்துவிடவில்லை. தீர்ப்புக்குப் பிறகு, உம் வீடு எங்கே என்று சபையார் கேட்க, கிழவர் பின்னால் நடந்த சுந்தரர், அவர் அருட்டுறைக் கோயிலுக்குள் மறைந்து இறைவனாகக் காட்சி தந்தபோதுதான் மனதார ஆளானார். ஏடு வாசல் வரை கொண்டுவிடும். உறவை ஏற்பது வந்தவர் கையில் இருக்கிறது. உயிருக்குக் குலம் ஏது, பிறகு ஏன் இந்தத் தேடல் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. உயிருக்குக் குலம் இல்லை என்பதை நானும் முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவரில் தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரை, வள்ளுவர் முதலில் வைத்தார். எண்ணாகக் கப்பலேறிய ஒருவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க, முதலில் அவர் பெயர் வேண்டும். அந்தக் கடனுக்காகத் தேடுவதில் குலப்பெருமைக்கு இடமில்லை.

திண்டிவனம் பக்கத்து ஊர் எதிலாவது அப்படித் தேடுபவர் ஒருவர் கப்பல் பட்டியலின் நகல் தாளோடு வந்து நின்றால், என்ன ஆளுங்க என்று கேட்காதீர்கள். தாளில் உள்ள தகப்பன் பெயரை உரக்க வாசித்துவிட்டு, ஏரிக்கரை ஐயனாரிடம் அழைத்துப் போங்கள்.