பாதிரியாரும் புயலும்

புயல் கடவுளின் சித்தம் என்றால், அதன் வரவை முன்கூட்டிச் சொல்வது அந்தச் சித்தத்தில் குறுக்கிடுவது ஆகாதா?

ஒரு பாதிரியாரின் வாழ்க்கை இதற்குப் பதில் சொல்கிறது. ஸ்பெயினில் பிறந்த இயேசு சபைத் துறவி பெனிட்டோ வின்யெஸ், 1870இல் கியூபாவின் ஹவானாவில் பெலென் கல்லூரி வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். அன்று செயற்கைக்கோள் இல்லை, ரேடார் இல்லை. காற்றழுத்தமானியும் கூர்ந்த கண்ணும்தான் துணை. உயரத்தில் இழை இழையாகப் படரும் கீற்று மேகங்கள் எந்தத் திசையிலிருந்து விசிறிபோல் விரிகின்றன என்று பார்த்தே, தொலைவில் சுழலும் புயலின் மையத்தை மதிப்பிட்டார். 1875 செப்டம்பர் 11 அன்று அவர் விடுத்த எச்சரிக்கை நாளிதழ்களில் வந்தது. இரண்டு நாளில் புயலும் வந்தது.

இயற்கைக்கு ஒழுங்கு தந்தவன் இறைவன் என்று நம்புகிறவருக்கு, அந்த ஒழுங்கைப் படிப்பது மீறல் அல்ல.

ஆனால் கேள்வி அங்கே முடிவதில்லை. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். 2013இல் அதே மாநிலக் கரையைக் கடந்த பைலின் புயலில் இறந்தவர்கள் சில பத்துப் பேரே. லட்சக்கணக்கானோரை முன்பே அப்புறப்படுத்தியிருந்தார்கள். இனி ‘விதி’ என்று எதைச் சொல்வது? அடித்த காற்றையா, எச்சரிக்கை வந்து சேராத வீட்டையா?