கடித்த நாயும் வளர்த்த கையும்

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில், தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் நாய் பெரும்பாலும் காவலுக்கென்றே வளர்க்கப்படுகிறது. அயலாரைக் கண்டு குரைக்குமளவும் அது நன்றியுள்ள பிராணி. அண்டை வீட்டுக் குழந்தையைக் கடித்த அன்றே பொல்லாத நாய். பின்னர் பிரம்படி, அதுவும் பயன்படாவிடில் மலைச்சாலை ஓரத்தில் கைவிடப்படுகிறது. உடல்நோய்க்கு மருத்துவரைத் தேடும் மனிதன், நடத்தைக் கோளாற்றுக்குத் தண்டனையைத் தேடுவது அறமாகுமா?

குற்றம் என்பது நன்றும் தீதும் அறிந்து பிழைப்போர்க்கே உரியது. நாய் அறிந்தவை அச்சம், வலி, பழக்கம் ஆகியவையே. ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965இல் வெளியிட்ட நூல், மூன்றாம் வாரந்தொட்டு ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம்வரை குட்டி பெறும் பழக்கமே அதன் பிற்கால இயல்பை உருவாக்குவதை விளக்கியது. அப்பருவத்தில் வீட்டாரையன்றி வேறெவரையும் காணாது கட்டுண்டு கிடந்த குட்டி, வளர்ந்தபின் ஓடிவரும் சிறுவனைக் கண்டு அஞ்சுவதில் வியப்பில்லை. அமைதியான நாய் திடீரெனச் சீறினால், காதுப்புண்ணோ மூட்டுவலியோ காரணமாயிருக்கலாம். ஆதலின் முதலில் கால்நடை மருத்துவர். அதன்பின் நடத்தை அறிந்த பயிற்சியாளர். எப்போது, யாரை, எதற்குமுன் கடித்தது என்று அவர் வினவுவார். அவர் திருத்துவது பெரும்பாலும் நாயையன்று, உடையவனை. உறுமும்போதெல்லாம் அடிபட்ட நாய் உறுமலை விட்டுவிடும், அச்சத்தை விடாது. பின்னர் எச்சரிக்கையின்றியே கடிக்கும்.

எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கவும் வால் குழைக்கும் நாயை நாலடியார் போற்றுகிறது. அப்பொறுமையை வகுப்பறையில் வியப்போர், வேலெறிந்த கையைப் பற்றி ஏனோ வினவுவதில்லை.

நாட்கூலி பெறுபவன் நாயுடன் மலையிறங்கி ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ செல்வது எளிதா என்பர். எளிதன்றுதான், இத்தடை புறக்கணிக்கத்தக்கதும் அன்று. ஆயினும், இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பையும் வலியினின்று காப்பையும் வளர்ப்புயிர்க்கு அளிப்பதை உடையவனின் கடமையாக்கிய மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், செல்வனையும் ஏழையையும் பிரிக்கவில்லை. பிள்ளைகள் நடமாடும் வழியிலிருந்து நாயை அப்புறப்படுத்தவும், அடிப்பதை நிறுத்தவும் பணம் வேண்டுவதில்லை.

சில நாய்கள் எம்முயற்சிக்கும் இணங்குவதில்லை. அங்கே குழந்தையின் உயிரே பெரிது. மருத்துவர் கையால் வலியின்றி அதன் வாழ்வை முடிப்பதையும் அறம் மறுக்காது. ஆனால் அம்முடிவு ஆராய்ந்தபின் எடுக்கப்படுவது. ஆராயாது சாலையில் இறக்கிவிடப்பட்ட நாயோ, அதே அச்சத்துடன் அடுத்த தோட்டத்துப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறது.