வஸ் காலமும் கண்டி மழையும்

பௌத்த பிக்குகள் ஊர்கள்தோறும் திரியாமல் ஓரிடத்தில் தங்கி நோன்பிருக்கும் மூன்று மாதம் ‘வஸ்’ எனப்படும். மழைக்காலத்தில் நடமாடும் துறவியர் இளம்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்து அழிக்கின்றனர் என்று மக்கள் குறைகூறியதால் புத்தர் இவ்விதியை வகுத்தார் என, துறவியர் ஒழுக்கத்தைக் கூறும் விநய பிடகத்தின் மகாவக்கம் உரைக்கிறது. ஆடியில் தொடங்கும் இந்நோன்பு புத்தர் வாழ்ந்த மகத நாட்டின் மழையோடு பொருந்தியது. கண்டியில் அப்பொருத்தம் இல்லை.

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ள கண்டி ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீற்றர் மழை பெறுகிறது. தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காற்று தன் நீரில் பெரும்பங்கை வட்டவளை, கினிகத்தேனை முதலிய மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு மிஞ்சியதையே இந்நகருக்குக் கொண்டுவருவதால், ஆகஸ்டில் 110 மில்லிமீற்றரளவே பெய்கிறது. நவம்பரிலோ அது 300ஐ நெருங்குகிறது. எனவே வஸ் முடிந்து பிக்குகள் விகாரையை விட்டு வெளியே வரும் வேளையில்தான் பெருமழை தொடங்குகிறது.

இதைவிட வியப்பானது, அதே வஸ் காலத்தினுள் மழை வேண்டும் விழாவான எசல பெரஹெரவும் நடைபெறுவதாகும். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலமாக இருந்த இவ்விழாவில், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) காலத்தில் புத்தரின் பல்லாகப் போற்றப்படும் புனித தந்தத்தின் பேழை முதலிடம் பெற்றது. விழாவின் இறுதியில், பூசகர்களான கப்புராளைமார் கெட்டம்பையில் மகாவலி கங்கையில் படகேறி, நீரை வாளால் வெட்டி, சென்ற ஆண்டு முகந்து வைத்த குடநீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் முகந்து வருவர். கயவாகு மன்னன் இலங்கையில் பத்தினித் தெய்வமான கண்ணகிக்குக் கோட்டம் அமைத்து ஆடித் திங்களில் விழா எடுக்க, மழை பெருகி நாடு செழித்தது என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுவதால், பத்தினி வழிபாட்டுக்கும் மழைக்குமுள்ள இத்தொடர்பு தமிழர்க்குப் புதியதன்று.

மழை என்னும் காரணம் மறைந்த இடத்தில் மழைக்கால விதி ஏன் நீடிக்க வேண்டும்? பாளி உரையாசிரியர்கள் உலகின் ஒழுங்கை ஐந்தாகப் பகுத்து, காற்றும் மழையும் பருவமும் ‘உது நியாமம்’ என்னும் பருவ ஒழுங்கிற்கு உட்பட்டவை என்றும், வினைப்பயன் வேறோர் ஒழுங்கு என்றும் வகுத்தனர். இப்பகுப்பின்படி நோன்பு மழையை வரவழைப்பதுமில்லை, மழை பொய்த்தால் பொருளிழப்பதுமில்லை. இலங்கையில் வஸ்ஸைத் தாங்கி நிற்பது துறவியர்க்கும் ஊரார்க்கும் இடையிலான உறவே: பிக்குகளை நோன்பிருக்க அழைத்து மூன்று மாதமும் உணவளித்து அறவுரை கேட்கும் ஊர்மக்கள், இறுதியில் ‘கட்டின சீவரம்’ என்னும் துவராடையை வழங்குகின்றனர். மழையை வேண்டும் பொறுப்பு பிக்குகளிடம் இல்லாமல் தேவாலயத்தாரிடம் இருப்பதால், விதியும் வேண்டுதலும் ஒன்றையொன்று மறுக்காமல் ஒரே மாதங்களில் நிலவ முடிகிறது.

பயணியர்க்கு மழைக்கணக்கு எளிது: மழை குறைந்த கண்டியை நாடுவோர் ஜனவரி முதல் மார்ச் வரை வரலாம், பெரஹெரவை நாடுவோர் ஆகஸ்டில் குடையுடன் வருதல் நன்று.